காசு இருக்கு, கேஷ்தான் இல்ல

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்தியால்பேட்டையிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். கைப்பேசி நகரவே மாட்டேன் என்கிறதாம். பேத்தி அனுப்பிய படத்தைத் தட்டினால், அது திறப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுகிறதாம். நான் மஞ்சக்குப்பத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி, கைராசி வைத்தியன் மாதிரி வழி சொல்ல ஆரம்பித்தேன். செட்டிங்ஸ் போங்க, ஆப்ஸ் போங்க, வாட்சப்பைத் தொடுங்க, ஸ்டோரேஜ்னு ஒண்ணு இருக்கும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. “இப்ப கீழ கிளியர் கேஷ்னு இருக்கும் பெரியம்மா, அதத் தட்டிவிடுங்க” என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் மெல்ல, “ஏண்டா தம்பி, உங்க பெரியப்பா பென்ஷன் இதுலதானடா வருது. கேஷை கிளியர் பண்ணச் சொல்றியே?” என்றார்.

“அது வேற கேஷ் பெரியம்மா” என்றேன். “எத்தனை கேஷ்டா இருக்கு?” என்றார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். தவளக்குப்பம் தாண்டும்போதும் அரியாங்குப்பத்தில் பஸ் நின்று நின்று போகும்போதும் அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. எனக்கு அது உறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. நான் பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் கேஷியர். 28 வருஷமாக நாளைக்கு நூறு தடவையாவது அந்தச் சொல்லை வாயில் போட்டு மெல்லுகிறவன். அது எத்தனை என்று யாராவது கேட்டால் எண்ணிச் சொல்லத் தெரிய வேண்டாமா?

அதுமட்டும் இல்லை. அந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் ஒரு பெருமை வேறு இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் நான் ஒன்பதாவது படித்தபோது தமிழ் ஐயா யாப்பு நடத்தினார். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றில்தான் முடியும் என்று சொல்லி, “இருள்சேர் இருவினையும்” குறளைக் கரும்பலகையில் எழுதி, கடைசியில் நிற்கும் ‘மாட்டு’ என்பதை வட்டமிட்டு, இது காசு என்றார். அடுத்து சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு, “வெள்ளைக்காரன் கேஷ் கேஷ்னு சொல்றானே, அது எங்கேர்ந்து போச்சு தெரியுமாடா? இந்தக் காசுதான்டா அது” என்றார். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து நான் அதைச் சொல்லாத ஆளில்லை. மண்டிக்கு வருகிற ஆடிட்டரிடம் சொல்லியிருக்கிறேன். லாரி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், வேலை என்ன என்று மாமனார் கேட்டதற்குக் கேஷியர் என்று சொல்லி, கையோடு இதையும் சொன்னேன். அந்தக் குடும்பம் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது.

கெஸ்

பெரியம்மா வீட்டில் கைப்பேசியைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த கேஷைத் துடைத்துக் காட்டி, பென்ஷன் கணக்கையும் திறந்து தொகை அப்படியே இருப்பதைக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, முறத்தில் முருங்கைக்கீரையைக் கொட்டி ஆய ஆரம்பித்தார். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, “இந்தக் கேஷுங்கற வார்த்தையே நம்ம காசுலேர்ந்து போனதுதான் பெரியம்மா, தெரியுமா?” என்றேன்.

அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யார்றா சொன்னா?” என்றார். “தூலோன்ல கடைக்குப் போனா, காசு கட்டுற எடத்துல கெஸ்னு எழுதி வெச்சிருப்பான். கெஸ்னா பொட்டிடா. சாமான் வர்ற மரப்பொட்டியும் கெஸ்தான், காசு போட்டு வெக்கிற பொட்டியும் கெஸ்தான். அதத்தான் இங்கிலீஷ்காரன் கேஷ்னு ஆக்கியிருப்பான். நம்ம காசு எப்பிடிடா அங்க போச்சு?”

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த குடும்பம். பெரியம்மா ஐந்தாவதுக்கு மேல் படித்ததில்லை. ஆனால் பிரான்சில் தூலோன் நகரில் பதினைந்து வருஷம் கடை கண்ணிக்குப் போய் வந்தவர். அவர் பிரெஞ்சு முழுக்கக் கடைவீதியில் கற்றது, அதனாலேயே அதில் ஓட்டை இருக்காது. இருந்தாலும் நான் விடவில்லை. “எங்க தமிழ் ஐயா சொன்னாரு” என்றேன். ஐம்பத்திரண்டு வயசு ஆளுக்கு அதைவிட மோசமான வாதம் கிடைத்திருக்காது. “அவரு தூலோன் போயிருக்காரா?” என்று கேட்டுவிட்டு, ஆய்ந்த கீரையை அலசப் போய்விட்டார்.

இங்கே ஒரு இடைச்செருகல். அவர் கெஸ் என்றது முதலில் என் காதில் கேஸ் என்றுதான் விழுந்தது. நம் வீடுகளில் கேஸ் என்றால் என்னென்ன? சிலிண்டர் தீர்ந்தால் கேஸ். பங்காளியோடு வரப்புத் தகராறு வந்தால் கேஸ். புதுச்சேரி எல்லையில் போலீஸ்காரர் டிக்கியைத் திறக்கச் சொல்லி எண்ணுவதும் கேஸ்தான், பாட்டில் கணக்கில். தமிழ் எழுத்து மூன்றையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. ஆனால் மூன்றுக்கும் பூர்வீகம் வேறு வேறு. சிலிண்டரில் இருப்பது வான் ஹெல்மான்ட் என்ற பிளமிஷ் ரசாயன அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் உண்டாக்கிய சொல். கிரேக்கத்தில் ஆதி வெறுமையைக் குறிக்கும் கேயாஸை மனசில் வைத்து உண்டாக்கினார். கோர்ட்டில் நடப்பது ‘விழுதல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். நேர்ந்தது, வந்து விழுந்தது என்ற அர்த்தத்தில் வந்தது. ஆங்கில இலக்கணத்தில் வேற்றுமையைக் கேஸ் என்கிறார்களே, அதுவும் இதே விழுதல்தான். பாட்டில் வருகிற கேஸ் மட்டும்தான் பெட்டி. அதுதான் பெரியம்மாவின் கெஸ்ஸுக்குச் சொந்தக்காரன்.

அகராதியில் இரண்டு வீடு

அன்று ராத்திரி வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, பெரிய ஆங்கில அகராதிகளைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மண்டிக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் எனக்குத் தூக்கம் வராது, அதே நிலைமை. முதல் பதிவைப் படித்ததுமே வயிறு கலங்கியது. கேஷ், அதாவது ரொக்கம்: 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது, பிரெஞ்சின் கெஸ் அல்லது இத்தாலியனின் காஸ்ஸாவிலிருந்து, பொருள் பெட்டி. அதற்கும் பின்னால் லத்தீனின் காப்ஸா. ரோமாபுரியில் சுருட்டிய ஏடுகளைப் போட்டு வைத்த உருளைப் பெட்டிக்கு அந்தப் பெயர். அதன் குட்டிதான் காப்ஸுலா, குட்டிப்பெட்டி. ஆக மருந்துக்கடையில் வாங்குகிற கேப்ஸ்யூலும் கடைக்காரர் கையில் கொடுக்கிற கேஷும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஆரம்பத்தில் பணப்பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் கிடந்ததையும் குறித்தது. போகப் போகப் பெட்டி உதிர்ந்துவிட்டது, பணம் தங்கிவிட்டது. கேஷியரும் அந்த வழியில் வந்தவன்தான், பெட்டிக்குக் காவல். (ராணுவத்தில் ஒருவரைக் கேஷியர் செய்வது என்றால் அவமானப்படுத்தி வேலையை விட்டுத் துரத்துவது. அது ‘உடைத்தல்’ என்ற வேறொரு சொல்லின் வழியாக வந்தது. இதை மண்டி முதலாளிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

ஐந்தாவது படித்த பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அப்படியே படுத்திருப்பேன். விரல் தானாகக் கொஞ்சம் கீழே தள்ளியது. அங்கே இன்னொரு கேஷ் இருந்தது. அதே எழுத்து, அதே உச்சரிப்பு, ஆனால் தனித் தலைச்சொல். கதவு எண் வேறு என்று காட்டுவதற்காகத் தலையில் ஒரு சின்ன 2. பொருள்: இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய மதிப்புக் குறைந்த சிறு நாணயம். வந்த வழி: போர்த்துக்கீசியத்தின் கைஷா. அதற்கு முன்னால்? தமிழ், காசு.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் ஐயா சொன்னதும் பொய் இல்லை. நம் காசு நிஜமாகவே கப்பலேறிப் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்த வீடுதான் வேறு. அடுத்த வீட்டில் அதே பெயரில் ஒரு பணக்காரர் ஏற்கெனவே குடியிருந்தார். ஊரார் இரண்டு பேரையும் ஒரே குடும்பம் என்று நினைத்துவிட்டார்கள். நானும் 38 வருஷமாக அந்தப் பணக்காரரைத்தான் என் மாமா என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நம் காசு அங்கே என்ன வேலை பார்த்தது என்று பார்த்தால், கணக்குப்பிள்ளை வேலைதான். கும்பினிக்காரர்கள், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கி, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரைக்கும் ஊர்களை வளைத்துக்கொண்ட கதை கடலூரில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கும்பினியின் மதராஸ் கணக்கில் வராகன், பணம், காசு என்று மூன்று கலம். இதை ஆங்கிலத்தில் பகோடா, பனம், கேஷ் என்று எழுதினார்கள். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாயையே மூல நாணயமாக்கி, வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கட்டினார்கள். ஒரு ரூபாய்க்கு 960 காசு என்று வருகிறது. கடைசிக் கலத்தில் உட்கார்ந்திருந்த கேஷ் என்ற அந்தக் கடைக்குட்டிதான் நம் ஊர்ச் சொல். காணி என்றால் எண்பதில் ஒன்று என்று பழைய வாய்ப்பாடு படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு காசு என்பது காணிப் பணம். கூட்டிப் பார்த்தால் எனக்கு இதில் ஒரு திருப்தி.

அதே சொல்லை எடுத்துக்கொண்டு போய்த்தான் சீனாவின் சதுர ஓட்டைச் செப்பு நாணயத்துக்கும் ஐரோப்பியர் பெயர் வைத்தார்கள். சீனர்கள் அதற்கு அவர்கள் மொழியில் வேறு பெயர் சொல்வார்கள். அருங்காட்சியகங்களில் சீன நாணயங்களுக்குக் கீழே இன்றைக்கும் கேஷ் என்றுதான் சீட்டு ஒட்டியிருக்கும். காசு என்ற பெயர் இங்கேயிருந்து அங்கே போய் ஒட்டிக்கொண்டது. நம் வீட்டுப் பக்கம் பார்த்தாலும் இதே வம்புதான். கல்லாப்பெட்டியின் கல்லா இந்துஸ்தானியிலிருந்து வந்தது, கஜானா அரபியிலிருந்து. துட்டு, டச்சுக்காரர்களின் டொய்ட் என்ற சில்லறைக்காசிலிருந்து வந்தது என்பார்கள். ஆளாளுக்கு அடுத்தவன் பெட்டியிலிருந்து சொல்லெடுத்துத் தன் காசைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது நடுவில் நிற்கிற அந்தக் கைஷா. போர்த்துக்கீசியத்தில் கைஷா என்றாலே பெட்டி. அதே லத்தீன் காப்ஸாவின் பிள்ளை, கெஸ்ஸின் உடன்பிறப்பு. இங்கே கரையிறங்கிய போர்த்துக்கீசியன் சந்தையில் காசு, காசு என்று காதில் வாங்கியிருக்கிறான். அந்த ஓசைக்குப் பக்கத்தில் அவன் மொழியில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. பணத்தோடு சம்பந்தப்பட்ட சொல் வேறு. அதையே எடுத்துப் போர்த்திவிட்டான். ஆக காசும் பெட்டியும் குழம்பியது லண்டனில் இல்லை, திருப்பாதிரிப்புலியூர் வகுப்பறையிலும் இல்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் மீனுக்கோ மிளகுக்கோ பேரம் பேசியபோதே குழம்பிவிட்டது. இதைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்றரை. மனைவியை எழுப்பிச் சொல்லலாமா என்று யோசித்தேன். பெண் பார்த்த கதை ஞாபகம் வந்தது. விளக்கை அணைத்துவிட்டேன்.

நடுவில் கொஞ்சம் முந்திரி

திங்கட்கிழமை மண்டியில் வேலை ஓடவில்லை. கேஷ்யூ என்று மூட்டைக்கு மூட்டை அச்சடித்திருக்கிறதே, அது எந்த வீடு என்று பார்க்காமல் இருக்க முடியுமா? கொல்லத்திலிருந்து கொட்டை வாங்க வருகிற வியாபாரி ஒருவர் ஒரு கதை வைத்திருக்கிறார். போர்த்துக்கீசியன் விலை கேட்டானாம், விற்கிற அம்மாள் ‘காசினு எட்டு’, காசுக்கு எட்டு, என்றாளாம், அவன் அதையே பெயர் என்று எழுதிக்கொண்டானாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கதைதான். மரம் பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு வந்தது. அங்கே துப்பி மக்கள் அகாஜு என்றார்கள், இவர்கள் காஜு ஆக்கினார்கள், ஆங்கிலேயர் கேஷ்யூ ஆக்கினார்கள். காசுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பண்ருட்டியில் அதை நம்பி எத்தனை வீட்டில் உலை கொதிக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆனால் முந்திரி என்ற நம் சொல்லில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. எங்கள் மண்டியில் அதிகம் போகிற ரகத்தின் பெயர் டபிள்யூ 320. ஒரு பவுண்டு எடையில் அதிகபட்சம் 320 முழுப்பருப்பு நிற்கும் என்று அர்த்தம். ஒரு பருப்பு, பவுண்டில் ஒரு முந்திரி. தற்செயல்தான், தெரியும். இருந்தாலும் தரம் பிரிக்கிற பெண்களிடம் இதைச் சொன்னேன். கொட்டை உடைத்து உடைத்து ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருந்த ஒரு அக்கா, “எண்ணிப் பாத்தீங்களா சார்?” என்றார். எண்ணவில்லை.

லில்லிப் பூ

அடுத்த ஞாயிறு மறுபடி முத்தியால்பேட்டை. தோற்றதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், பாதி ஜெயித்ததையும் சொல்ல வேண்டும். பெரியம்மா முழுக்கக் கேட்டார். போர்த்துக்கீசியன் சமாசாரம் வந்தபோது, “பாவம், அவனும் ஒன்ன மாதிரிதான்” என்றார். அப்புறம் உள்ளே போய், பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். பெரியப்பாவின் மெடல், அவருடைய மாமியாரின் உடைந்த காசுமாலையில் மிஞ்சிய நாலு காசு, அதற்கடியில் காகிதத்தில் மடித்த ஒரு செப்புத்துண்டு. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கறுத்து, ஓரம் நெளிந்து, வட்டம் என்று அடித்துச் சொல்ல முடியாத வட்டம். புளியைத் தொட்டு லேசாகத் தேய்த்தார். ஒரு பக்கம் பிரெஞ்சு ராஜாக்களின் லில்லிப் பூ தெரிந்தது. திருப்பினால், வரி மடங்கி மடங்கி, தமிழில் ‘புதுச்சேரி’.

பிரெஞ்சுக் கும்பினி அடித்த காசு. இந்தச் செப்புக்காசுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களை நான் அந்த வாரம்தான் படித்திருந்தேன். காசை அவர்கள் பிரெஞ்சில் ‘கஷ்’ என்று எழுதினார்கள். நாலு கஷ் சேர்ந்தால் ஒரு ‘துதூ’, அதாவது நம் துட்டு. பணம் அவர்களிடம் ‘பனோன்’. இதைச் சொன்னதும் பெரியம்மா வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “துதூனா என்னா தெரியுமாடா? கொழந்தைங்க கட்டிப்புடிச்சிகினு தூங்குமே, பொம்ம, துணி, அது. பேத்தி ஒரு முயலு வெச்சிருந்தா, அது இல்லாம தூங்க மாட்டா. கஷ்னா ஒளிஞ்சிக்கிறது. கஷ்-கஷ் வெளாடலாம் வா பாட்டினு சோபா பின்னால போய் ஒக்காந்துக்குவா.”

கஷ்-கஷ். கண்ணாமூச்சி. ஒளித்தல் என்ற அந்தப் பிரெஞ்சுச் சொல்லைக் கனடாக் காடுகளில் உணவையும் தோலையும் புதைத்து வைத்த பிரெஞ்சு வேட்டைக்காரர்களிடமிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. கணினிக்குள்ளே அவசரத்துக்கு எடுக்கத் தோதாக ஒளித்து வைக்கிற நினைவகத்தை, 1965இல் மாரிஸ் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயக் கணினி அறிஞர் அடிமை நினைவகம் என்ற பொருள்பட எழுதினார். 1968இல் ஐபிஎம்காரர்கள் அந்த வகை நினைவகத்தைத் தங்கள் கணினியில் வைத்தபோது கேஷ் என்று பெயர் வைத்தார்கள், அதுவே நின்றுவிட்டது. பெரியம்மாவின் கைப்பேசியில் நான் துடைத்தது அந்தக் கண்ணாமூச்சியைத்தான். அவருடைய உள்ளங்கையில் இருந்ததோ, அதே எழுத்தில் பிரெஞ்சுக்காரன் எழுதிவைத்த நம் காசு. போர்த்துக்கீசியன் காசைப் பெட்டி ஆக்கினான் என்றால், பிரெஞ்சுக்காரன் அதை ஒளிந்துகொள்ள வைத்திருக்கிறான். நாம் மட்டும் சும்மாவா இருந்தோம்? பெட்டிக்காரனான கேஷியருக்குக் காசாளர் என்று பலகை எழுதி மாட்டிவிட்டோம். என் தலைக்கு மேலேயே மாட்டியிருக்கிறது.

காசு என்ற சொல்லுக்கு இத்தனை பேரிடம் சிக்கிச் சீரழிய வேண்டிய தலையெழுத்து கிடையாது என்று எனக்கு ஒரு ஆதங்கம். குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லை ஒரு கிளியைக் காட்டுகிறார். அலகில் வேப்பம்பழத்தை வைத்திருக்கிற கிளி. புது நூலில் கோப்பதற்காகத் தட்டான் தன் கூர்நகத்தில் பிடித்திருக்கிற பொற்காசு மாதிரி அந்தப் பழம் இருக்கிறதாம். டப்பாவில் கிடந்த அந்த நாலு மாலைக்காசுக்கு அதுதான் நேர்ப் பாட்டி. பின்னால் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் தினம் ஒரு படிக்காசு வைத்த கதை வருகிறது. சம்பந்தரின் காசில் வாசி இருந்தது, அதாவது மாற்றப் போனால் வட்டம் பிடித்தார்கள். அவர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடிக் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூர்க்காரரான அப்பருக்கு மட்டும் முதலிலிருந்தே வாசியில்லாத காசு. உழவாரம் பிடித்து உடம்பால் உழைத்தவர் என்பதால் என்று சொல்வார்கள். எந்தக் கேஷியரும் அந்தப் பக்கம்தான் சேர்வான்.

இப்போது மண்டியில் ஒரு வாக்கியம் அடிக்கடி கேட்கிறேன். வாங்குகிறவர் கைப்பேசியைத் தூக்கிக் காட்டி, “காசு இருக்கு சார், கேஷ்தான் இல்ல” என்பார். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றான பிறகு, கல்லா நிறைய நோட்டை வைத்துக்கொண்டு கூலிக்கு நாங்கள் விழித்தது இதற்கு நேரெதிர். கேஷ் இருந்தது, காசு இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் இந்த வாக்கியங்களுக்கே அர்த்தம் இருக்காது. அகராதிக்காரர்கள் தலையில் 2 போட்டுப் பிரித்ததை, மிளகாய்ப்பொடி தடவிய பருப்பு கால் கிலோ வாங்க வருகிறவர் ஒரு மூச்சில் பிரித்துவிடுகிறார். பிரான்சில் இப்போது ரொக்கமாகக் கொடுப்பதை ஆங்கிலத்திலிருந்து வாங்கிக் கேஷ் என்றே சொல்கிறார்களாம், பேத்தி சொன்னாளாம். தன் கெஸ்ஸைக் கொடுத்துவிட்டு, அதையே வேறு துணி போர்த்தித் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

அந்தச் செப்புக்காசை எனக்குக் கொடுப்பார் என்று ஒரு நப்பாசை இருந்தது. பெரியம்மா அதைக் காகிதத்தில் மடித்து, டப்பாவில் போட்டு, மூடியை அழுத்திச் சாத்தி உள்ளே கொண்டுபோய்விட்டார். நேற்று ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தது. “தம்பி, அந்த கஷ்-கஷ் திரும்பியும் சேந்துடுச்சு போல, படம் சுத்திகினே இருக்கு. நானே தட்டிட்டேன். ஆனா ஞாயித்துக்கெழம ஒரு நட வந்து பென்ஷன் இருக்கான்னு மட்டும் பாத்துட்டுப் போயிடு.”